கோலாலம்பூரில் வானிலை முன்னறிவிப்பைப் படித்துப் பயன்படுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூலில் எதிரே வரும் வாகனம் தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் பங்சாரில் கொடியில் போட்ட துணி காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு இடங்களுக்கும் காலையில் வந்த முன்னறிவிப்பு ஒன்றுதான்: பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. செந்தூல்வாசி அதைச் சரி என்பார். பங்சார்வாசி இவர்கள் சொல்வது எப்போதும் இப்படித்தான் என்று அலுத்துக்கொள்வார். கோலாலம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மழை வருமா என்ற கேள்வியால் பயன் குறைவு, ஏனென்றால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் எங்கோ ஓரிடத்தில் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதுதான் நமக்குத் தேவை. அந்த மூன்றுக்கும் ஒரே அறிக்கையில் பதில் கிடைக்காது. பருவத்தை அறிந்தால் மாதத்தின் போக்கு தெரியும். அன்றைய அறிக்கை எந்தப் பொழுது என்று சொல்லும். ராடார் படம் அடுத்த ஒரு மணி நேரத்தைக் காட்டும். எதை எப்போது நம்புவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: இங்கே மழை உருவாகும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கைப்பேசிச் செயலிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் நீண்ட எல்லைக்கோடு ஒன்று பல நூறு கிலோமீட்டர் நகர்ந்து வந்து மழை தரும். அது வந்து சேரும் நேரத்தை நாள் கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடியும். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே இருக்கும் கோலாலம்பூரில் அப்படிப்பட்ட எல்லைக்கோடு கிடையாது. நம் மழையின் பெரும்பகுதி அன்றன்றைக்கு, இங்கேயே, வெயிலால் உருவாக்கப்படுகிறது.

காலையில் தரை சூடேறுகிறது. தரையை ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலெழுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அது விரிந்து, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 பாகை என்ற வீதத்தில் குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. அந்த உயரம்தான் மேகத்தின் அடிப்பகுதி. இதை நீங்களே கணக்கிடலாம். பல செயலிகள் வெப்பநிலையோடு பனிப்புள்ளியையும் காட்டுகின்றன. காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராகத் தொடங்குமோ அதுவே பனிப்புள்ளி. கோலாலம்பூரில் அது பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்கும். பிற்பகல் வெப்பநிலை 33 பாகை என்றால் இரண்டுக்கும் வேறுபாடு 9 பாகை. பாகைக்கு 125 மீட்டர் வீதம் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும். கெந்திங் மலையுச்சி 1,700 மீட்டருக்கும் மேலே இருப்பதால்தான் நகரில் வெயில் காயும்போதும் அங்கே மேகத்துக்குள் நடக்க நேர்கிறது.

இந்த இடத்தில் ஈரப்பதம் குறித்து ஒரு சொல். காலையில் 95 விழுக்காடு, பிற்பகலில் 60 விழுக்காடு என்று காட்டுவதைப் பார்த்துக் காற்று உலர்ந்துவிட்டதாகவும் மழை வராது என்றும் சிலர் முடிவு செய்கிறார்கள். காற்றிலுள்ள நீராவி அப்படியே இருக்கிறது. வெப்பநிலை ஏறியதால் விழுக்காடு மட்டும் இறங்கியிருக்கிறது. பனிப்புள்ளி குறையவில்லை என்றால் மழைக்கான சரக்கு கையிருப்பில் இருக்கிறது என்றே பொருள்.

நீராவி துளியாக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக வைத்திருப்பதால் மேகம் மேலும் மேலும் உயர்கிறது. தடையில்லாமல் வளர்ந்தால் அதன் உச்சி 15 கிலோமீட்டரையும் எட்டும். மேலே பனிக்கட்டித் துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னூட்டத்தைப் பிரிக்கின்றன, அதுவே மின்னலாகிறது. இறுதியில் மழையின் பாரமும் அது இழுத்துவரும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து, மேகத்துக்கு உணவூட்டிய மேலெழும் காற்றையே அறுத்துவிடுகின்றன. ஆகவே தனியொரு இடிமேகத்தின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். ஆனால் தரையில் விழுந்து பரவும் அந்தக் குளிர்ந்த காற்று பக்கத்திலுள்ள வெப்பக் காற்றை மேலே தள்ளி, அடுத்த மேகத்தைப் பிறப்பிக்கிறது. மழைக்குச் சற்று முன்னால் திடீரென்று சில்லென்று வீசி, மரங்களை ஆட்டி, கடைவாசல் குடைகளைத் தூக்கிப்போடும் காற்று இதுதான்.

எங்கே என்பதைத் தீர்மானிப்பதில் நில அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். பகலில் கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறுவதால் கிள்ளான் கடற்கரையிலிருந்து கடற்காற்று உள்நோக்கி வீசுகிறது. அது நகரத்தின் வெப்பக் காற்றையும் மலைச்சரிவில் ஏறும் காற்றையும் சந்திக்கும் இடங்களில் மேகங்கள் எழும்புகின்றன. கோம்பாக், அம்பாங், உலு லங்காட் பக்கம் முதலில் வானம் கறுப்பதற்குக் காரணம் இதுவே.

எப்போது என்பதற்குக் கடிகாரத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 1982 முதல் தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கின் நேரத்தைப் பின்பற்றுவதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று, ஏறக்குறைய 1.15 மணிக்கு. வெப்பம் உச்சத்தை அடைய 2 அல்லது 3 மணி ஆகிவிடும். இடிமழை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே குவிவதும், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தோடு மோதுவதும் இதனால்தான்.

இரண்டாம் படி: எந்தப் பருவத்தில் இருக்கிறோம் என்று பாருங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகியவை அதன் நேரடித் தாக்கத்தில் இருக்கின்றன. தித்திவங்சா தொடர் நமக்கு ஓரளவு அரணாக நிற்கிறது. தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் பத்துமலையில் பெருமழை ஒப்பளவில் அரிதாக இருப்பதற்கு இந்த அரணும் ஒரு காரணம். ஆயினும் அரண் முழுமையானது அன்று என்பதை 1971 ஜனவரி வெள்ளமும் 2021 டிசம்பர் வெள்ளமும் காட்டின.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பருவமாற்றக் காலங்கள்தான் கோலாலம்பூருக்கு உண்மையான மழைக்காலம். அப்போது பெருங்காற்று எந்தத் திசையிலும் வலுவாக வீசுவதில்லை. காற்று தள்ளாததால் இடிமேகம் பிறந்த இடத்திலேயே நின்று மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போகிறது. திடீர் வெள்ளம் இக்காலத்தில் மிகுவதற்கு இதுவே காரணம். தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் பாதிக்கும் நவம்பர் பாதிக்கும் இடையில் வருவதால் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூடாரம் போடுவோர் மழையை விதியாகவும் வெயிலை விலக்காகவும் கொள்வதே அறிவுடைமை.

மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை பொதுவாகக் குறையும். ஜூன், ஜூலை மாதங்கள் இங்கே வறண்டவை. ஆனால் இப்பருவத்துக்கென்றே ஒரு விதிவிலக்கு உண்டு. சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாகத் திரண்டு, நீரிணையைக் கடந்து, விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும். பிற்பகல் மழைக்குப் பழகியவர்களை அதிகாலை 5 மணிக்குப் பலத்த காற்றோடு எழுப்பும் மழை இது. மேற்கிலிருந்து கிழக்கே நகரும் வரிசை என்பதால் முன்கூட்டியே பார்த்துவிட முடிகிற சில மழைகளில் இதுவும் ஒன்று.

மூன்றாம் படி: அதிகாரப்பூர்வ அறிக்கையைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, அதாவது மெட்மலேசியா, தன் இணையத்தளத்திலும் மைசுவாச்சா செயலியிலும் ஏழு நாட்களுக்கான முன்னறிவிப்பை மாநிலம், மாவட்டம், நகரம் வாரியாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நாளும் பாகி (காலை), பெத்தாங் (பிற்பகல்), மாலாம் (இரவு) என்று மூன்று பொழுதுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அறிக்கை மலாயில் இருப்பதால் படமாக வரைந்திருக்கும் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் செய்தி முழுவதும் சொற்களில்தான் இருக்கிறது.

"தியாடா ஹுஜான்" என்றால் மழை இல்லை. "ரிபுட் பெதிர் டி சத்து டுவா தெம்பாட்" என்றால் ஓரிரு இடங்களில் இடிமழை. உங்கள் தெரு தப்பிவிடவே வாய்ப்பு அதிகம். "டி பெபெராப்பா தெம்பாட்" என்றால் பல இடங்களில், குடையோடு கிளம்புங்கள். இதன் பின்னால் "கவாசான் பெடலாமான்" என்று சேர்ந்திருந்தால் உட்பகுதிகளையும், "கவாசான் பந்தாய்" என்று சேர்ந்திருந்தால் கடற்கரைப் பகுதிகளையும் குறிக்கும். சிலாங்கூருக்கான அறிக்கையில் உட்பகுதி என்று கண்டால் உலு சிலாங்கூர், உலு லங்காட் பக்கத்தவர்களும், கடற்கரை என்று கண்டால் கிள்ளான், கோலசிலாங்கூர் பக்கத்தவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இடச்சொல் எதுவும் இல்லாமல் "ஹுஜான்" அல்லது "ரிபுட் பெதிர்" என்று மட்டும் இருந்தால் அதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழு நாள் அறிக்கையின் ஐந்தாம், ஆறாம் நாட்களைப் போக்கு என்ற அளவில் மட்டும் கொள்ளுங்கள். தொடர்ந்து எல்லா நாட்களிலும் மழை என்றால் ஈரமான வாரம். "தியாடா ஹுஜான்" அடுத்தடுத்து வந்தால் வறண்ட வாரம். அடுத்த சனிக்கிழமை 4 மணிக்கு உங்கள் தெருவில் மழை பெய்யுமா என்று இன்றைக்கே சொல்ல எந்த அறிவியலாலும் முடியாது.

நான்காம் படி: கைப்பேசிச் செயலியின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள்

கைப்பேசியில் தானாக வரும் பல செயலிகள் உலகளாவிய கணினி மாதிரிகளையே அடிப்படையாகக் கொள்கின்றன. அந்த மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அவற்றுள் சிறந்தவற்றிலும் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். செந்தூலும் பங்சாரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். நம் இடிமேகமோ அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். எனவே மாலை 4 மணிக்கு 70 விழுக்காடு என்ற எண்ணை, இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மழைக்கான சூழல் நன்றாக அமைந்திருக்கிறது என்று படிப்பதே சரி. மணிக்கணக்கில் சின்னங்களை அடுக்கிக் காட்டும் துல்லியம் வெறும் தோற்றம்தான் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: வானத்தையும் ராடாரையும் சேர்த்துப் பாருங்கள்

முடிவெடுப்பதற்கு உண்மையில் உதவுவது இந்தப் படிதான். காலை 10 மணியளவில் வானத்தைப் பாருங்கள். சிறுசிறு வெண்மேகங்கள் தட்டையாகவே இருந்தால் மேலே ஏதோ ஒரு வெப்பக் காற்றடுக்கு வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்குள்ளாகவே அவை அகலத்தைவிட உயரம் மிகுந்து, காலிஃபிளவர் போன்று விளிம்பு தெளிவாகக் கொத்துக்கொத்தாக எழும்பினால் மழை விரைவாக வரும். கொத்து கலைந்து, உச்சி நார்நாராகி, தட்டையாக விரிந்துவிட்டால் மேலே துளிகள் பனிக்கட்டியாகிவிட்டன. மின்னல் எந்நேரமும் தொடங்கலாம். காலை முழுவதும் உயர்ந்த மெல்லிய மேகம் வெயிலை மறைத்திருந்தால் தரை சூடேறாமல் இடிமழை தாமதமாகும் அல்லது வராமலே போகும்.

இரண்டு மணிக்கு மேல் மெட்மலேசியாவின் ராடார் படத்தைத் திறங்கள். ராடார் அனுப்பும் அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு வரையப்படும் படம் அது. பச்சை இலேசான மழை, மஞ்சள் மிதமானது, சிவப்பும் ஊதாவும் கனமழை. ஒற்றைப் படத்தைப் பார்ப்பதால் பெரிய பயனில்லை. கடந்த அரை மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கூட்டம் நகர்கிறதா, நின்ற இடத்திலேயே வளர்கிறதா? சிவப்புப் பகுதி விரிகிறதா, சுருங்குகிறதா? அதன் முன்விளிம்பில் புதிய புள்ளிகள் தோன்றுகின்றனவா? ரவாங் பக்கமிருந்த சிவப்பு அரை மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் தெற்கே வந்திருந்தால், அதே வேகத்தில் இன்னும் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள பத்துமலைக்கு அரை மணி நேரம் இருக்கிறது. ஆனால் சிவப்பு சுருங்கிப் பச்சை மட்டும் விரிந்துகொண்டிருந்தால் அந்த மேகம் தேய்கிறது. உங்களிடம் வந்து சேர்வது தூறலாக இருக்கலாம். மாறாக, முன்விளிம்பில் புதுப் புள்ளிகள் முளைத்தால் உங்கள் கணக்கைவிட முன்னதாகவே மழை வந்துவிடும்.

ராடாருக்கும் குறைகள் உண்டு. அதன் கதிர் தொலைவு செல்லச் செல்லத் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போவதால் தொலைவிலுள்ள தாழ்வான மழையைத் தவறவிடும். மலைகள் அதை மறைக்கும். நீங்கள் பார்க்கும் படம் சில நிமிடங்கள் பழையது. சுமத்ரா பக்கமிருந்து வரும் வரிசையைக் கவனிக்க, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை படம் தரும் ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் மேலும் பொருத்தமானது. இரவில் படுக்கப்போகும் முன் நீரிணையின் மறுகரையில் வெண்ணிறத் திரள் கூடுவதைக் கண்டால் காலையில் மோட்டார்சைக்கிளில் கிளம்புவோர் மழைச்சட்டையை எடுத்து வைத்துவிடலாம்.

ஆறாம் படி: எச்சரிக்கைகளைத் தனித்தனியாக அறிந்துகொள்ளுங்கள்

இடிமழை எச்சரிக்கை என்பது, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அறிகுறி தென்படும்போது வெளியிடப்படுவது. ஒருமுறை வெளியிட்டால் அது ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லுபடியாகாது. காலையில் வந்த எச்சரிக்கையை இரவில் வாட்சாப் குழுவில் பகிர்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொடர்மழை எச்சரிக்கை வேறு வகையைச் சேர்ந்தது. மஞ்சள் "வஸ்பாடா" (விழிப்பு), செம்மஞ்சள் "புரோக்" (மோசம்), சிவப்பு "பஹாயா" (ஆபத்து) என்று மூன்று நிலைகளில் வரும். வெயிலால் உருவாகும் மாலை மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை; பெரும் காற்றமைப்பு ஒன்று நாள் கணக்கில் ஓயாமல் ஊற்றப்போகிறது என்பதே இதன் பொருள். 2021 டிசம்பரில் தென்சீனக் கடலிலிருந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இடங்களில் ஒரு மாதத்துக்குரிய மழை ஓரிரு நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி மீட்புக்குக் காத்திருந்தார்கள். இடி இல்லை, பெருங்காற்று இல்லை. நாள் முழுவதும் ஒரே சீராக மழை. இடிமழைக்கு அஞ்சப் பழகிய நாம் இத்தகைய அமைதியான மழையைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறோம்.

மில்லிமீட்டர் என்பதை மனத்தில் பதியவைக்க ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர் உங்கள் வடிகாலுக்கு வருகிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளம் ஒரு மணி நேர மழையை 10 மில்லிமீட்டர் வரை இலேசு, 30 வரை மிதம், 60 வரை கனம், அதற்கு மேல் மிகக் கனம் என்று வகைப்படுத்துகிறது. ஆற்று நீர்மட்டத்தையும் அங்கேயே காணலாம். உங்கள் வீட்டில் தூறல்கூட இல்லாதபோதும் கோம்பாக் ஆற்றின் மேற்பகுதியில் கனமழை என்றால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் மஸ்ஜித் ஜாமெக் பகுதியில் மட்டம் உயரும். 2007 இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம், கிள்ளான் ஆற்று வெள்ளத்தை நகர மையத்திலிருந்து திருப்பிவிடவும் சாலையாகவும் பயன்படக் கட்டப்பட்டது. அதன் சாலைப்பகுதி மூடப்படுகிறது என்ற செய்தி வந்தால் நகர மையத்துக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

மின்னலுக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திடலுக்குத் திரும்புங்கள்.

வெப்பத்துக்கும் புகைமூட்டத்துக்கும் தனி அளவுகள் இருக்கின்றன. நாளின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலை. 37 முதல் 40 வரை என்றால் வெப்ப அலை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 200ஐத் தாண்டினால் மிகுந்த கேடு, 300ஐத் தாண்டினால் ஆபத்து. புகைமூட்டம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தில், மழை குறைந்து, சுமத்ராவின் கரிநிலங்களில் தீ மூளும்போது வருகிறது.

ஏழாம் படி: எல்லாவற்றையும் ஒரு நாளுக்குப் பொருத்திப் பாருங்கள்

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மாலை 6 மணிக்கு வீட்டு முற்றத்தில் ஐம்பது பேருக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். பருவமாற்றக் காலம் என்பதால் கூடாரத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கிறீர்கள். முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் அதை ரத்து செய்வதில்லை. வெள்ளிக்கிழமை இரவு "பெத்தாங்: ரிபுட் பெதிர் டி பெபெராப்பா தெம்பாட்" என்று பார்க்கிறீர்கள், மாலாம் பொழுதுக்கு மழை இல்லை. இதன்படி விருந்து தொடங்கும் நேரம் எல்லைக்கோட்டில் இருக்கிறது. சனிக்கிழமை நண்பகலில் மலைப்பக்க மேகங்கள் உயரமாக எழும்புகின்றன. சீக்கிரம் தொடங்கும் மழை சீக்கிரம் முடியவும் கூடும் என்பதால் இது ஒருவகையில் நல்ல செய்தி. மூன்றரை மணிக்கு ராடாரில் சிவப்பு உங்கள் பகுதியைத் தொடுகிறது. சமையல்காரரிடம் அடுப்பைக் கூடாரத்துக்குள் நகர்த்தச் சொல்கிறீர்கள். மின்விளக்குக் கம்பிகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுகிறீர்கள். நாலே முக்காலுக்குச் சிவப்பு கிழக்கே நகர்ந்து, பரந்த பச்சை மட்டும் எஞ்சுகிறது. பெரிய மேகத்தின் பின்பகுதியிலிருந்து விழும் இந்தத் தூறல் மேலும் ஒரு மணி நேரம் நீடிக்கலாம். ஆனால் தரை குளிர்ந்துவிட்டதால் அதே இடத்தில் புதிய இடிமேகம் எழும்புவது கடினம். மேற்கே நீரிணைப் பக்கம் ராடார் வெறுமையாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஐந்தரை மணிக்கு நாற்காலிகளைத் துடைக்கத் தொடங்கலாம்.